பழனியாண்டவருக்கு நீ, எனக்கு நீங்க

"…சாமியும் நீங்களும் ஒண்ணுங்களா? சாமி கோவிச்சுக்கிட்டா மலைமேல போயி நின்னுக்கும், படியேறிப் போயிப் பாத்துக்கலாம். நீங்க கோவிச்சுக்கிட்டுப் போயி நின்னா, நான் எந்த மலைலீங்க தேடறது?"

என் வீட்டுக்காரி சொன்ன பேச்சில் பின்பாதி இது. முன்பாதி குக்கர் விசிலில் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு அடுப்படியில், சோறு போட்ட தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். இதைச் சொல்லிவிட்டு அடுத்ததாக அவள் என்ன செய்தாள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை இப்போதே சொன்னால், "இதுக்கா இம்புட்டு?" என்று கேட்பீர்கள். அதனால் செத்த நேரம் பொறுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சேவுகம்பட்டி. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பூ மார்க்கெட்டுக்கு வந்தவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பூ பொட்டலம் கட்ட வாங்குகிற பழைய பேப்பரில் படித்தது. மல்லிகையைச் சுற்றுவதற்கு முன்னால் ஒரு வரி படித்துவிட்டுத்தான் சுற்றுவேன். ஒரு செய்தியில் தலை எனக்குத் தெரியும், வால் யார் வீட்டுக்கோ போயிருக்கும். சம்பங்கி கொண்டுவருகிற அக்கா ஒருத்தி சொல்லும்: "இவன்கிட்டப் பூவைக் குடுத்தா நிறுக்குறதுக்கு முன்னாடி படிச்சுப் பாக்குறான்."

எங்கள் பக்கத்துப் பேச்சு உங்களுக்குத் தெரிந்திருக்கும். யார் வந்தாலும் 'வாப்பா'தான். பெரிய ஆளாக இருந்தால் 'வாங்கப்பா'. மார்க்கெட்டில் எனக்கு மூத்தவர்கள் 'ஏலே' என்பார்கள், இளையவர்கள் 'அண்ணே' என்பார்கள், வியாபாரம் படியாவிட்டால் இரண்டு பேருமே வேறு ஏதாவது சொல்வார்கள். அந்த 'வாங்கப்பா'வை விட்டால் எல்லாமே 'நீ, வா, போ'தான்.

அவள் ஊர் நெய்க்காரப்பட்டி. பழனிக்குப் பக்கம். அந்தப் பக்கத்தில் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் வாயைத் தாண்டாது. கல்யாணமான புதிதில், சன்னலில் வந்து உட்கார்ந்த காக்காயைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, சோறு வெந்துட்டிருக்குதுங்க" என்று அவள் சொன்னதை நான் என் காதாலேயே கேட்டேன். எங்கள் தெருக் காக்காய் அன்றிலிருந்து தன்னைக் கலெக்டர் என்று நினைத்துக்கொண்டு திரிகிறது.

எனக்கும் அதே மரியாதைதான். 'ஏனுங்க, பால் வந்துருச்சுங்க', 'ஏனுங்க, மோட்டாரை நிறுத்துங்க.' சண்டையிலும் அந்த வால் அறுவதில்லை. ஒருமுறை கோபம் தலைக்கேறி, கண்ணில் தண்ணி வர, என்னை ஒரு வார்த்தை சொன்னாள்: "நீங்க ஒரு லூசுங்க." சண்டை அதோடு முடிந்தது. இரண்டு பக்கமும் 'ங்க' போட்டு மூடிக்கொடுத்த திட்டை வாங்கிக்கொண்டு யார் கோபித்துக்கொள்ள முடியும்?

இதெல்லாம் எனக்குக் குறையாகத் தெரியாமல்தான் பல வருஷம் ஓடியது. குறை காலையில் வந்தது. அதுவும் முருகன் படத்துக்கு முன்னால்.

மார்க்கெட் இல்லாத ஒருநாள் வீட்டில் படுத்திருந்தேன். அவள் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றினாள். ஏற்றிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். "ஏப்பா, நீ அங்க என்னதான் பண்ணிட்டிருக்கற? பொண்ணுக்குப் பரீட்சைன்னு நேத்தே சொன்னனல்ல? காதுல வாங்குனியா இல்லியா? நீ பாத்துக்குவேன்னுதான் நான் நிம்மதியாத் தூங்குனேன், நீயும் தூங்கிட்டியாக்கும்?"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காக்காய்க்கு 'ங்க'. கீரைக்காரருக்கு 'ங்க'. கட்டின புருஷனுக்கு 'ங்க'. பழனியாண்டவருக்கு மட்டும் 'நீ'! அதுவும் தோளில் கைபோட்டுப் பேசுகிற மாதிரி ஒரு 'நீ'. ஒரு தெய்வத்தின்மேல் பொறாமைப்பட்ட புருஷன் திண்டுக்கல் டவுனில் அன்றைக்கு நான் ஒருத்தனாகத்தான் இருந்திருப்பேன்.

"எனக்கும் ஒரு தடவை நீன்னு சொல்லேன்" என்று கேட்டேன்.

"ஐயோ, நாக்கு அழுகிப்போயிருங்க" என்றாள்.

அவள் அம்மா சொல்லிக்கொடுத்து அனுப்பிய பாடம் அது. புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும், நீ என்றால் மரியாதை குறையும். இதில் முதல் பாதியை அவளே நம்புவதில்லை. பேங்கில், ஆஸ்பத்திரியில் என் பேரைத் தெளிவாகச் சொல்வாள். இரண்டாம் பாதி மட்டும் நாக்கின் அடியில் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. படித்தவள், டவுனில் ஒரு தனியார் காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். மாணவர்களையும் 'வாங்க, உக்காருங்க'தான்.

அந்த இங்கிலீஷ்தான் எனக்கு வழியும் காட்டியது.

ஒரு சாயங்காலம் அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிடந்த பாடப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஏதோ பழைய நாடகம். நான் பொட்டலம் கட்டிய இத்தனை வருஷத்தில் பார்க்காத வார்த்தைகளாக இருந்தன. தௌ, தௌ என்று வரிக்கு வரி ஒரு ஆள். அவனுக்குப் பின்னாலேயே ஹாஸ்ட், டஸ்ட், வில்ட், ஆர்ட்.

"என்னம்மா இது, அச்சடிச்சவன் தூங்கிட்டானா?"

"இல்லீங்க. அது பழைய இங்கிலீஷுங்க. தௌன்னா நீ. யூன்னா நீங்க. அந்தக் காலத்துல அவங்களுக்கும் ரெண்டும் இருந்துச்சுங்க. நீன்னு சொன்னா வினைச்சொல்லுக்கு ஒரு வால் வரும். யூ ஹேவ், தௌ ஹாஸ்ட். நாம வந்தாய், போனாய்ங்கற மாதிரி."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இங்கிலீஷ்காரனுக்கு வாலா! நமக்கும் அந்த 'வந்தாய்' இப்போது பள்ளிக்கூடப் புத்தகத்திலும் சாமி பாட்டிலும்தானே உசிரோடு இருக்கிறது. எங்கள் தெருவில் போய் ஒருத்தனிடம் 'எப்போது வந்தாய்' என்று கேட்டால், ஏதோ நாடகத்தில் சேர்ந்துவிட்டேன் என்று நினைப்பான். அவர்கள் வாலும் புத்தகத்தில், நம் வாலும் புத்தகத்தில்.

"இப்ப எங்க போச்சு அந்த தௌ?"

"போயிருச்சுங்க. எதுக்கு வம்புன்னு கொஞ்சங்கொஞ்சமா எல்லாரையும் யூன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

"அப்ப நாடே நெய்க்காரப்பட்டி ஆயிருச்சுன்னு சொல்லு."

சிவப்புப் பேனாவை என்மேல் எறிந்தாள். நான் விடவில்லை. தௌ என்று யாரையெல்லாம் சொல்வார்கள் என்று கேட்டேன். அவள் விரலை மடக்கினாள். பிள்ளைகளை, காதலிக்கிறவர்களை, வேலைக்காரனை, சண்டைக்கு நிற்கிறவனை, அப்புறம் சாமியை.

"பாத்தியா! சாமிக்கும் கட்டுனவனுக்கும் ஒரே சொல்லு. இங்கிலீஷ்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"வேலைக்காரனுக்கும்தாங்க அதே சொல்லு. உங்களை எதுல சேக்கறது?"

"எதுலயாவது சேத்துக்க. சொல்லு."

பிறகு, பக்கத்து வீட்டுச் சுவருக்குக் காது இருக்கிற மாதிரி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "தௌ ஹாஸ்ட் ஃபர்காட்டன் த தேங்காய்."

தேங்காய் வாங்க மறந்துவிட்டேன் என்று அர்த்தம். அம்புட்டுதான். ஆனால் செருப்பு மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடியபோது, எனக்கு யாரோ மாலை போட்டு அனுப்பின மாதிரி இருந்தது.

இங்கிலீஷில் அவளுக்கு நாக்குக் கூசவில்லை. நெய்க்காரப்பட்டி அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதல்லவா. அதிலிருந்து வீட்டில் தௌ ராஜ்ஜியம்தான். 'டஸ்ட் தௌ வான்ட் காபி?' 'வில்ட் தௌ ஸ்விட்ச் ஆஃப் த மோட்டார்?' ஹாஸ்டலில் இருந்து போன் செய்த மகள், "அம்மா, நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறீங்க, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

பேகம்பூரில் எனக்கு ஒரு சிநேகிதர். தோல் வியாபாரம். மார்க்கெட் முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்போம். நான் மாமா என்பேன், அவர் மாப்ளே என்பார், அது எந்த உறவிலும் சேராத உறவு. அவரிடம் இந்த தௌ கதையைச் சொன்னேன்.

"இதுக்கே இப்படிக் குதிக்கிறியே மாப்ளே. வடக்க இருந்து வர்ற யாவாரிககிட்ட நான் உருதுல பேசுறேன். அதுல நீங்க, நீங்கிறதுக்கு மரியாதைப்படி மூணு படி இருக்கு. ஆப், தும், தூ. தோலு எடுக்க வரும்போது நான் அவங்களுக்கு ஆப். வெலை பேசும்போது தும். பிரிச்சுப் பாத்துத் தோலுல ஓட்டை இருந்துச்சுன்னு வையி, தூ."

"அப்ப அல்லாவை?"

கிளாஸைக் கீழே வைத்தார். "தூதான் மாப்ளே. கெஞ்சி அழுகும்போது யாருக்கு ஆப்புன்னு வாய் வரும்?" என்றார். உடனே பழைய குரலுக்கு வந்து, "ஒன் வீட்டுல அந்தம்மா சொல்ற நீங்க எந்தப் படின்னு பாத்துக்க. எங்க வீட்டுல திடீர்னு மரியாதை கூடுச்சுன்னா அன்னைக்குச் சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் கிடையாதுன்னு அர்த்தம்" என்று சொல்லி எழுந்தார்.

ஆக எனக்கு இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது. இங்கிலீஷிலும் சாமிக்கு அந்தச் சொல்தான், உருதுவிலும் அந்தச் சொல்தான். சாமிக்கே பொருந்துகிற சொல் என்றால் அது எம்புட்டுப் பெரிய சொல்லாக இருக்கவேண்டும்! பூ மார்க்கெட் மூளை இப்படித்தான் கணக்குப் போட்டது. சாமிக்குக் கட்டுகிற மாலையைத்தானே மந்திரிக்கும் போடுகிறோம்.

அந்தக் கணக்கோடு இருந்தபோதுதான் அவளுடைய காலேஜ் பிரின்சிபால் அம்மா வீட்டுக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க. தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, மேலே பத்திரிகை. ரொம்பக் கண்டிப்பான அம்மா என்று என் வீட்டுக்காரி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் நடந்து வந்தால் வராண்டாவே வரிசையில் நிற்குமாம். இவள் காபி போட உள்ளே ஓடினாள். கூடத்தில் நானும் அவரும்.

வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் எப்படி இருப்பது? இங்கிலீஷ் பிரின்சிபால் ஆயிற்றே, இங்கிலீஷிலேயே கேட்போம், அதிலும் உயர்ந்ததாகக் கேட்போம் என்று, கையைக் கூப்பி, நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"மேடம், தௌ ஆர்ட் வெல்கம். ஹாஸ்ட் தௌ ஈட்டன்?"

அடுப்படியில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது.

அந்த அம்மா என்னையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன், சிரிக்கிறார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு பிரின்சிபால் சிரிக்கக்கூடாத சிரிப்பு. என் வீட்டுக்காரி நிலைப்படியில் வந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"மன்னிச்சுக்கோங்க மேடம், இவருக்கு…"

"இரும்மா, இரும்மா" என்று கையைக் காட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "சாப்பிட்டேன் தம்பி. 'நீ சாப்டியா'ன்னு ஒருத்தர் என்னைக் கேட்டு ரொம்ப நாளாச்சு. எங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் ஒருத்தர்தான் கேப்பார். இப்ப காலேஜ்ல மேடம், வீட்டுல அம்மா, வெளியில நீங்க. நீன்னு சொல்ல ஆளே இல்லாமப் போச்சு" என்றார்.

அப்புறம் காபி குடித்தார், சர்க்கரை கூட என்றார், கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வரவேண்டும் என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, திரும்பி என்னைப் பார்த்து, "ஃபேர் தீ வெல்" என்று சொல்லிவிட்டுப் போனார். 'நீ நல்லா இரு' என்று அர்த்தமாம், அந்த 'தீ'யும் தௌதானாம்.

கார் தெருமுனை திரும்பியதும் எனக்கு அர்ச்சனை ஆரம்பித்தது.

"எங்க பிரின்சிபாலை 'நீ'ன்னு சொல்றதுக்கு நீங்க யாருங்க?"

"சாமிக்குச் சொல்ற சொல்லுன்னு நீதானே சொன்ன?"

"சாமி எனக்குச் சம்பளம் போடுதுங்களா?"

"அவங்க சிரிச்சாங்கல்ல?"

"சிரிச்சாங்க. நாளைக்கு ஸ்டாஃப் ரூமே சிரிக்கும். இனிமே இந்த வீட்டுல தௌ கிடையாதுங்க. இன்னையோட முடிஞ்சுது."

சொன்னபடியே முடித்தும்விட்டாள். மறுநாள் காலையில் 'ஏனுங்க, பால் வந்துருச்சுங்க.' ஸ்டாஃப் ரூமில் யாரும் சிரிக்கவில்லை என்றும், அந்த அம்மா யாரிடமும் சொல்லவே இல்லை என்றும் பிறகு தெரிந்தது. ஆனாலும் தடை நீங்கவில்லை. எனக்கென்று இருந்த ஒரே ஒரு நீயும், அதுவும் கடன் வாங்கின பாஷையில் இருந்தது, போய்விட்டது. காலையில் விளக்கேற்றுகிற நேரத்தில் முருகன் மட்டும் வழக்கம்போல வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் போர்வைக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் மாறியிருந்தது. அவள் சில நேரம் வேலைக்கு நடுவில் சும்மா நின்றாள். "ஏனுங்க, அந்த அம்மா வீட்டுல இப்ப யாருங்க இருப்பாங்க? பொண்ணும் கல்யாணமாகிப் போயிருச்சுன்னா?" என்று ஒருதரம் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அப்படி வந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மார்க்கெட்டில் முகூர்த்தக் கூட்டம், காலையில் இருந்து தொண்டை வறளக் கத்திவிட்டு வந்தேன். பசி. கத்தரிக்காய் வெஞ்சனம் வாசனை தெருவரைக்கும் வந்து கூப்பிட்டது. தட்டில் சோறு விழுந்ததும் எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. கையைக் கட்டிக்கொண்டேன்.

"என்னாச்சுங்க, கை வைங்க."

"வைக்க மாட்டேன்."

"உப்பு கூடங்களா?"

"இன்னும் வாயிலயே வைக்கல. இங்கிலீஷையும் புடுங்கிட்ட. தமிழ்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீன்னு சொல்லு. அப்பத்தான் சாப்புடுவேன்."

"சின்னப் பிள்ளையாட்டம் பண்ணாதீங்க."

"தினமும் காலையில அந்த ஆளுகிட்ட அம்புட்டுப் பேசுறியே, அவருக்கு மட்டும் மரியாதை குறையாதா? எனக்குன்னா குறையுமா?"

அப்போதுதான் குக்கர் கத்தியது. அதற்குள் அவள் ஏதோ சொன்னாள். சத்தம் அடங்கியபோது காதில் விழுந்தது, சாமியும் நீங்களும் ஒண்ணுங்களா என்பதில் இருந்து. சாமி மலைமேல் போய் நிற்பது, படியேறிப் போய்ப் பார்ப்பது, நான் போய் நின்றால் எந்த மலையில் தேடுவது என்பது வரைக்கும். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்திருப்பாள். 'தேடறது' என்று முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

நானும் கையைப் பிரித்துவிட்டேன். போதும், விளையாட்டு முற்றிவிட்டது, சாப்பிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். பக்கத்து வீட்டைப் பார்த்த சன்னலைச் சாத்தினாள். வெஞ்சனச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எப்போதும் நின்றுகொண்டே பரிமாறுகிறவள். ஒரு கரண்டி எடுத்துச் சோற்றின்மேல் போட்டாள். இன்னொரு கரண்டி போட்டாள். தட்டையே பார்த்துக்கொண்டு, ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்.

"ஆறிப்போகுது. நீ சாப்பிடு."

சொன்ன வேகத்தில் எழுந்து முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சாமி, மன்னிச்சுக்கோங்க" என்றாள்.